நீர்நாயைக் காணவில்லை

வார்த்தையின் முன்பாதியை வெட்டிவிட்டார்கள்.

சின்னவள் எழுதிக் கொடுத்தது ‘ஆய்வு நாட்களில் நீர்நாயைக் காணவில்லை’ என்று. அச்சாகி, பளபளவென்று அட்டை போட்டு வந்த அறிக்கையில் இருந்தது ‘நீர்நாய் இல்லை’ என்று. மழையில் வாய்க்கால் கரை மூடி ஓடியது, கால்தடமும் எச்சமும் கரைந்து போயிருக்கலாம், தண்ணீர் வடிந்ததும் மறுபடி பார்த்தாக வேண்டும் என்று அவள் கீழே சேர்த்திருந்த வரிகளைக் காணோம். அந்த இடத்தில் ஒரு பூங்கொத்துப் படம் போட்டிருந்தார்கள். இடத்தை அடைக்க வேண்டுமே.

ஒரு நிலத்தில் எதையாவது கட்ட நினைக்கிறவர்கள், அங்கே என்னென்ன உயிர் வாழ்கிறது என்று முதலில் கணக்கெடுத்துக் காட்டியாக வேண்டும். அந்தக் கணக்கை எடுத்துத் தருகிற அலுவலகம் அது. முதலாளி, சின்னவளுடைய அக்கா கணவர். கீழ்த்தளம் அலுவலகம், நடுத்தளம் அக்கா வீடு, மொட்டைமாடியில் ஒற்றை அறை சின்னவளுக்கு. வேலை, சாப்பாடு, படுக்கை எல்லாம் ஒரே மாடிப்படியில். வாய்க்கால் வாய்க்காலாகக் குனிந்து விலங்குகளின் எச்சத்தைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டு வருவதால் அலுவலகத்தில் அவளுக்கு ‘எச்சம் மேடம்’ என்று பெயர். முன்னால் மேடம், முதுகுக்குப் பின்னால் வெறும் எச்சம்.

இந்த முறை கணக்கெடுத்தது பஸ் டிப்போவுக்குப் பின்னாலிருந்து மூடிக் கிடக்கும் ஐஸ் பாக்டரி வரைக்கும் போகிற வாய்க்காலை. கரையெல்லாம் நாணல். அந்த நாணலை மண் போட்டு மூடி, வாய்க்காலைக் கான்கிரீட் பெட்டிக்குள் அடைத்து, மேலே லாரிகள் நிறுத்த இடம் பண்ணப் போகிறார்கள். நீர்நாய் குட்டி போட்டு வாழ்கிற இடம் என்று பதிவானால் மட்டும் அங்கே ஒரு கூடை மண்ணைக் கூடக் கொட்ட முடியாது, விதி அப்படி. ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் லாரி வரலாம். ‘காணவில்லை’ என்று எழுதினால் மறுபடி தேட வேண்டும், லாரி காத்திருக்க வேண்டும். யாருக்குக் காத்திருக்கப் பொறுமை இருக்கிறது?

சின்னவள் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு நேராக முதலாளி மேசைக்குப் போனாள்.

“மாமா, இதுல ஒரு தப்பு நடந்திருக்கு.”

“நம்ம டைப்பிஸ்ட் தப்பு விடுற ஆளே இல்லையே.”

“காணவில்லைன்னு நான் எழுதினதை இல்லைன்னு அடிச்சிருக்கார்.”

“ஓ, அதுவா. நான்தான் சொன்னேன். சுருக்கமா இருக்கட்டும்னு. காணலைன்னா இல்லைன்னுதானே அர்த்தம்?”

“போன வாரம் மூக்குக்கண்ணாடியக் காணோம்னு வீட்டையே தலைகீழாப் புரட்டினீங்க. இல்லைன்னா புரட்டினீங்க? எங்கயோ இருக்குன்னுதானே தேடினீங்க. கடைசில உங்க நெத்தி மேலதான் இருந்துச்சு.”

டைப்பிஸ்ட்டுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. முதலாளியின் முகம் கறுத்தது. அவரைக் கெட்டவர் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டால் கதை சொல்லச் சுலபம். கெட்டவர் இல்லை. சின்னவளைப் படிக்க வைத்தவர் அவர்தான். காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கிக்கொண்டு மாடியேறி வருவார். ஆனால் கேட்கிறவர்களுக்கு எது வேண்டுமோ அதைச் சொல்லிச் சொல்லியே அலுவலகத்தை வளர்த்த மனிதர். நாக்கு அந்தப் பக்கமே வளைந்து பழகிவிட்டது.

“கையெழுத்துப் போடு,” என்றார்.

“போட மாட்டேன்.”

“ஒரு வார்த்தைக்காகவா?”

“செத்துப் போச்சுன்னு சொல்றதும் ஒரு வார்த்தைதான் மாமா. ஆள் இருக்கும்போதே சொல்லலாமா?”

“நீ போடலைன்னா வேலை நின்னுடும்னு நினைக்காத. டைப்பிஸ்ட் போடுவார்.”

டைப்பிஸ்ட் தன் கீபோர்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போலக் குனிந்துகொண்டார். கடைசியில் அவர்தான் போட்டார். பாவம், பிள்ளைகுட்டிக்காரர்.

மதியம் அடுப்படியில் பெரியவள் தங்கைக்குச் சோறு போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். “விட்டுக் குடுத்துடேன்டி. அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறுது.”

“எனக்கும்தான் ஏறுது.”

“உனக்கு வயசிருக்கு, தாங்குவ.”

சின்னவள் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, வெயிலோடு வெயிலாக அச்சகத்துக்கு நடந்தாள். லாரி நிறுத்த அனுமதி தரலாமா என்று முடிவு செய்கிற கருத்துக் கேட்புக் கூட்டம் அடுத்த வாரம். அதற்குள் வாய்க்காலை மறுபடி முழுக்க நடந்து பார்க்க அவள் ஒருத்தியால் முடியாது. ஆனால் அந்த வாய்க்கால் ஓரமாக ஊரே நடக்கிறது. தன் கண்ணில் படாதது இன்னொருவர் கண்ணில் பட்டிருக்கலாம் அல்லவா? காணாமல் போனவர்களைத் தேட ஊர் காலங்காலமாக என்ன செய்கிறதோ அதையே செய்வது என்று முடிவு கட்டிவிட்டாள்.

அச்சகக்காரர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கேட்டார். “யாரும்மா காணாமப் போனது? பெரியவங்களா, சின்னப் பிள்ளையா?”

“நீர்நாய்.”

“நாயா. என்ன ஜாதி?”

“நாய் இல்லைங்க. நீர்நாய். தண்ணில இருக்கும்.”

“அப்படின்னா முதலை மாதிரியா?”

விளக்கி முடிப்பதற்குள் அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஆனால் மனிதர் கெட்டிக்காரர். விஷயம் பிடிபட்டதும் ‘காணவில்லை’ என்பதைச் சுவர் மறையும் அளவுக்குப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டார். கீழே அவள் எழுதிக் கொடுத்தது இப்படி இருந்தது:

பெயர்: நீர்நாய். வயது: தெரியாது. நிறம்: பழுப்பு, தொண்டை மட்டும் வெளுப்பு. மீசை உண்டு. மனநிலை: தெளிவானது. கடைசியாக இருந்ததாக நம்பப்படும் இடம்: பஸ் டிப்போ முதல் ஐஸ் பாக்டரி வரையிலான வாய்க்கால். பார்த்தவர்கள் தங்கள் பெயர், பார்த்த இடம், நேரம் சொல்லி, கீழ்க்கண்ட எண்ணுக்கோ முகவரிக்கோ தகவல் தரவும். சன்மானம்: கிடையாது.

வாலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை எழுதவில்லை. மறதி அல்ல, வேண்டுமென்றே விட்டது. நிறத்தையும் மீசையையும் நோட்டீசைப் படித்துவிட்டு யார் வேண்டுமானாலும் ஒப்பிப்பார்கள். நிஜமாகவே பார்த்தவர்தான் வாலைப் பற்றித் தானாகப் பேசுவார். பார்த்தவரால் அந்த வாலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

அன்று சாயங்காலமே பசை வாளியும் தூரிகையுமாகக் கிளம்பினாள். டிப்போ சுவர், மருந்துக்கடைக் கதவு, வங்கிக்கு எதிரில் இருக்கும் மின்கம்பம் ஒன்றையும் விடவில்லை. மறுநாள் காலை முதலாளி ஆள் விட்டுக் கிழிக்கச் சொன்னார். கிழித்த இடத்திலேயே அவள் மறுபடி ஒட்டினாள். கிழிக்க வந்தவனுக்கே கை வலித்துப்போய், பாதியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

“ஊரெல்லாம் என் மானத்தை ஒட்டி வச்சிருக்கா உன் தங்கச்சி,” என்று முதலாளி சாப்பாட்டு மேசையில் பெரியவளிடம் கத்தினார். “கூட்டம் முடியட்டும். மேல் ரூமைக் காலி பண்ணச் சொல்லிடு.”

மாடிப்படியில் நின்ற சின்னவளுக்கு எல்லாம் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் அவரும் கத்தினார். அவள் உடனே மேலே போய்ப் பழைய பெட்டியை எடுத்துத் தூசி தட்டிக் கதவோரம் வைத்தாள். தான் தயாராக இருப்பது அவர் கண்ணிலும் படட்டும்.

போன் வர ஆரம்பித்தது. முதல் நாள் வந்ததெல்லாம் நாய்தான். தொலைந்து போன நாய், வாசலில் வந்து படுத்திருக்கும் நாய், பக்கத்து வீட்டுக்காரர்மேல் பாய்ந்த நாய். ஒரு தாத்தா நாயைக் குளிப்பாட்டி, ஈரத்தோடு கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு மாடியே ஏறி வந்துவிட்டார். “தண்ணின்னா உசிரும்மா இதுக்கு,” என்றார். அவரை மனம் நோகாமல் அனுப்பி வைக்கப் பெரும்பாடாகிவிட்டது.

இரண்டாம் நாளில் எலி வந்தது. பெருச்சாளி வந்தது. நடுவில் டிப்போ மெக்கானிக் ஒருவர் பேசினார். “பெருச்சாளின்னுதாங்க முதல்ல நினைச்சேன். ஆனா பெருச்சாளிக்கு இவ்வளவு திமிரு கிடையாது. என்னைப் பாத்துக்கிட்டே மீனைக் கடிச்சுத் தின்னுச்சு. வாலைப் பாத்தப்புறம்தான் இது வேற சாதின்னு தெரிஞ்சுது.” சின்னவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆனால் அவர் பார்த்தது போன வருஷம். பெயர் தரத் தயார், ஆனால் போன வருஷக் கண் இந்த வருஷத்துக்குச் செல்லாது.

அடுத்தது தூண்டில்காரர் ஒருவர். நீர்நாயை அவர் திட்டிய திட்டிலேயே அது இருப்பது உறுதியாகிவிட்டது. “திருட்டுப் பய. என் தூண்டில்ல மாட்டினதை என் கண்ணெதிர்லயே பிடுங்கிட்டுப் போறான்.”

“உங்க பேருங்க?”

“அங்க மீன் பிடிக்கத் தடைங்க,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இப்படியே நாள் போயிற்று. கூட்டத்துக்கு முதல் நாள் மதியம், கீழே அலுவலகம் சாப்பாட்டுக்கு எழுந்து போன நேரம், போன் மறுபடி அடித்தது. கீழே அலுவலகத்து எண். மாமாதான் திட்டப் போகிறார் என்று நினைத்து எடுத்தாள்.

“நீர்நாய் நோட்டீசு ஒட்டினவங்களா?”

பெண் குரல். வாயில் துணியைப் பொத்திக்கொண்டு மூக்கால் பேசுகிற குரல். அதே குரல் மாடிப்படி வழியாகவும் ஏறி வந்து சின்னவளின் இன்னொரு காதில் விழுந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். தகவல் தருகிறவர் யாராக இருந்தாலும் மரியாதை ஒன்றுதான்.

“ஆமாங்க. சொல்லுங்க.”

“நான் வந்து... காலைல நடக்கப் போறவ. டாக்டர் சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருக்கார்.”

“எங்க பாத்தீங்க?”

“ஐஸ் பாக்டரிக்குப் பின்னால மதகு இருக்குல்ல, அதுக்கு அந்தப் பக்கம். செங்கல் இடிஞ்சு பொந்தா இருக்கும்.”

“எப்ப?”

“தெனமும்தான். லேசா வெளிச்சம் வர்றப்ப.”

“எப்படி இருந்துச்சு?”

“பழுப்பா. மீசை வச்சுக்கிட்டு. தொண்டை வெளுப்பு.”

எல்லாம் நோட்டீசில் இருப்பது. சின்னவள் ஒன்றும் கேட்காமல் காத்திருந்தாள். தொழிலில் இதுதான் கஷ்டமான பகுதி. வாயை மூடிக்கொண்டு இருப்பது.

“ஆனா அந்த வாலு இருக்கு பாருங்க,” என்றது குரல். “அடில என் மணிக்கட்டு கனம். போகப் போக மெலிஞ்சுடும். கரைல ஏறி, அதை ஊணிக்கிட்டு எழுந்து நின்னு நாலு பக்கமும் பாக்கும். வீட்டுக்காரி வாசல்ல நின்னு பாப்பாளே, அப்படி.”

சின்னவள் நோட்டை இழுத்து எழுத ஆரம்பித்தாள்.

“கூட ரெண்டு குட்டிங்க. ஒண்ணு தானாவே குதிச்சுடும். இன்னொண்ணுக்குத் தண்ணின்னா உதறல். அம்மாக்காரி கழுத்தைக் கவ்வி இழுத்து உள்ள போட்டா. வீல்னு ஒரு கத்து. உன்னை நான் நீச்சல் பழக்கக் குளத்துல இறக்கினப்ப ஊரைக் கூட்டினியே, அச்சு அசல் அதே கத்து.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று குரலுக்கு உறைத்தது.

“உங்க பேருங்க?” என்று கேட்டாள் சின்னவள்.

“பேரெதுக்கு?”

“பாத்தவங்க பேரு இல்லாம பதிவாகாதுங்க. யாரு பாத்தது, எங்க, எப்ப. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் அது வெறும் பேச்சு.”

“பேரு வேண்டாம்,” என்றது குரல். போன் வைக்கப்பட்டது. படிகளில் அவசரமான செருப்புச் சத்தம் ஏறி, நடுத்தளத்தோடு நின்றது.

சின்னவள் கீழே இறங்கினாள். அடுப்படியில் பெரியவள் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

“எப்பலேர்ந்துக்கா பாக்கற?”

“எதை?”

“அக்கா.”

பெரியவள் குழாயை மூடினாள். “அவளை ஒரு வருஷமாத் தெரியும். குட்டிங்களை மழை விட்டப்புறம்தான் பாத்தேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ கேட்டியா? ஊர்ல இருக்கற எச்சத்தையெல்லாம் குனிஞ்சு பொறுக்கின. கூடவே சோறு திங்கறவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

சின்னவளுக்குச் சுரீரென்றது. கேட்கவில்லைதான். டீக்கடையில் கேட்டாள், டிப்போவில் கேட்டாள், போகிற வருகிற சைக்கிளையெல்லாம் நிறுத்திக் கேட்டாள். தினமும் அந்தக் கரையில் நடந்துவிட்டு வந்து காபி போட்டுத் தருகிறவளுக்குக் கண் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

“கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்,” என்றாள் பெரியவள், குரல் இறங்கி. “அந்த நேரம் எனக்கு மட்டும் சொந்தமா இருந்துச்சு. இந்த வீட்டுல எனக்கு மட்டும்னு வேற என்ன இருக்கு? ஆனா மண்ணப் போட்டு மூடப் போறாங்கன்னு நீ சண்டை போட்டியே, அதுலேர்ந்து தூக்கமில்ல. இப்பச் சொல்லிட்டேன். நீ பாத்ததா எழுதிக்க. உன் கண்ணும் என் கண்ணும் ஒண்ணுதானே.”

“நான் பாக்கலயே.”

“யாருக்குத் தெரியப் போகுது?”

“இல்லைன்னு எழுதினது பொய்னுதான் நான் மாமாவோட மல்லுக்கட்டறேன். அவர் பொய்யை என் பொய்ய வச்சு அடிச்சா, அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நீ வந்து சொல்லுக்கா.”

“மைக் முன்னால நின்னு அவரு எழுதினது தப்புன்னு சொல்லிட்டு, இந்த அடுப்படிக்குள்ள நான் எப்படித் திரும்பி வருவேன்? உனக்கு மேல் ரூம் போனா வேற ரூம். எனக்கு?”

சின்னவள் அக்காவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மேலே போனாள். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாமா மேல் ஆத்திரம், அக்கா மேல் ஆத்திரம், எல்லாவற்றையும் விட, கேட்காமல் போன தன் மேல் ஆத்திரம்.

விடிகிற நேரத்துக்கு மதகுக்குப் போனாள். தன் கண்ணாலேயே பார்த்துவிட்டால் யாரையும் சங்கடப்படுத்த வேண்டாமே என்ற ஆசைதான். அங்கே அவளுக்கு முன்னால் மண் அள்ளும் வண்டி ஒன்று வந்து நின்று, புகை கக்கி உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நீர்நாய் எங்கே வெளியே வரும்?

“என்னங்க வேலை இங்க?” என்று கேட்டாள் டிரைவரிடம்.

“கரையை லேசா வழிக்கச் சொன்னாங்க. கூட்டத்துக்கு முன்னாடி சுத்தமா இருக்கட்டும்னு.”

செங்கல் பொந்து, வண்டியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. சின்னவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பயந்திருப்பாள். சேற்றில் இறங்கி நடந்து, அந்த இரும்புக் கைக்கும் பொந்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“எந்திரிங்கம்மா. சேறு.”

“வழிக்கணும்னா என்னையும் சேத்து வழிச்சுடுங்க. நான் எந்திரிக்கறதா இல்ல.”

டிரைவர் அவளைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், கொட்டாவி விட்டார். அப்புறம் எஞ்சினை நிறுத்தினார். “நீங்கதானா அந்த நோட்டீசு? எங்க வீட்டுல சின்னது அதைக் கிழிச்சுக் கொண்டாந்து சுவத்துல ஒட்டியிருக்கு. கூட்டத்துக்குப் போகணும்னா போங்க. வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு சொல்லிக்கறேன்.”

மண்டபத்துக்குள் அவள் நுழைந்தபோது இடுப்பு வரை சேறு. துடைக்கவும் இல்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள். மேடையில் விசாரணை நடத்தும் அதிகாரி, நரைத்த தலையும் களைத்த முகமுமாக ஒரு அம்மாள். பக்கத்தில் எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா. முதலாளி இஸ்திரி கலையாத சட்டையில் மைக்கைப் பிடித்தபடி அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தார். அலுவலகத்து ஆட்களோடு பெரியவளும் பின்வரிசையில் இருந்தாள். எல்லோருக்கும் காபி ஊற்றிக் கொடுப்பதற்காக வந்திருந்தாள்.

“நீர்நாய் இல்லை,” என்று படித்தார் முதலாளி.

“அது என் வார்த்தை இல்லைங்க,” என்று நின்ற இடத்திலிருந்தே சின்னவள் சொன்னாள். “கணக்கெடுத்தது நான். எழுதினது ‘காணவில்லை’.”

அதிகாரி நிமிர்ந்தார். “நீங்க நீர்நாயைப் பாத்தீங்களா?”

“பாக்கலம்மா.”

மண்டபத்தில் சிரிப்பு கிளம்பியது. முதலாளியும் பெருந்தன்மையாகச் சிரித்தார். சின்னவள் சிரிப்பு அடங்கும் வரை நின்றாள்.

“நான் பாக்கல. அது என் குறை. மழை நாள்ல போனேன், கேக்க வேண்டியவங்களைக் கேக்கல. காணலைன்னு எழுதினா குறை என்னோடயே நிக்கும், இன்னொரு தடவை போய்த் தேடலாம். இல்லைன்னு எழுதிட்டா என் குறையைத் தூக்கி அது தலைல போட்டு, மேல மண்ணையும் போட்டு மூடிடுவாங்க. எனக்குக் கண்ணு சரியில்லைங்கறதுக்காக அது ஏன் சாகணும்? டைப்பிஸ்ட் கையெழுத்து இருக்கே தவிர, அந்தப் பக்கத்துல என் கையெழுத்து இல்ல. இருக்கவும் இருக்காது.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. டைப்பிஸ்ட் தன் நாற்காலியில் சின்னதாகிப் போனார்.

“நீங்க சொல்றது நியாயம்,” என்றார் அதிகாரி. “ஆனா இன்னைக்கு நான் முடிவு எழுதியாகணும். சந்தேகத்தை எழுதிக்க எங்கிட்ட இடமில்ல. நேர்ல பாத்தவங்க, பேரு சொல்லக்கூடியவங்க, யாராவது இருக்கீங்களா?”

மெக்கானிக் எழுந்தார். போன வருஷம் என்றதும் அதிகாரி தலையை ஆட்டி உட்காரச் சொன்னார். தூண்டில்காரர் ஓரமாகத் தூணுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார். சின்னவள் பின்வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் அது கெஞ்சுவதாகிவிடும்; அக்காவை அந்த நிலைமையில் நிறுத்த அவளுக்கு மனமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் போயிற்று என்று நினைத்தாள்.

“அப்படின்னா அறிக்கைல இருக்கறபடியே...” என்று அதிகாரி ஆரம்பித்தார்.

“நான் பாத்தேன்.”

காபி பிளாஸ்கை நாற்காலி மேல் வைத்துவிட்டுப் பெரியவள் எழுந்து நின்றாள்.

“நீ உட்காரு,” என்றார் முதலாளி. மைக்கில் வாய் இருந்ததால் அது மண்டபம் முழுக்க ஒலித்தது. அவருக்கே திக்கென்றது.

பெரியவள் உட்காரவில்லை. நடுப்பாதையில் நடந்து வந்தாள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. ஆனாலும் நிற்கவில்லை. கணவர் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டாள். சாப்பிட்டு முடித்தவர் தட்டை எடுப்பது மாதிரி.

“காலைல நடக்கப் போறேன்னுட்டு, இதைத்தான் பாத்துக்கிட்டிருந்தியா?” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

“ஆமா,” என்றாள் மைக்கில்.

அதிகாரி குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா பேனாவை எடுத்தார். இந்த வீட்டோடு பல கூட்டங்களில் பழக்கம் அவருக்கு. கேட்காமலேயே ‘முதலாளியம்மா’ என்று எழுத ஆரம்பித்துவிட்டார்.

“அது என் பேரு இல்லைங்க,” என்றாள் பெரியவள். தன் பெயரைச் சொன்னாள். பலவருஷமாக அவள் கையால் காபி வாங்கிக் குடித்த டைப்பிஸ்ட்டுக்கே அது புதுச் செய்தி. குமாஸ்தாவுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அவள் எழுத்து எழுத்தாகச் சொன்னாள், அவர் எழுதினார்.

பிறகு இடத்தைச் சொன்னாள், நேரத்தைச் சொன்னாள், வாலைச் சொன்னாள். குட்டிகளைப் பற்றி அதிகாரி கேட்டபோது பயந்தாங்கொள்ளிக் குட்டியின் கதையையும் சொன்னாள். “இப்ப அதுதான் நல்லா நீந்துது,” என்றாள். முன்வரிசையில் யாரோ கைதட்டப் போய், மற்றவர்கள் தட்டாததால் நிறுத்திக்கொண்டார்கள். சேற்றோடு நின்ற சின்னவளுக்குக் கண் நிறைந்து எதிரில் இருப்பது ஒன்றும் தெரியவில்லை.

“அந்த மதகுப் பக்கம் மண் வேலை எதுவும் கூடாது. ‘இல்லை’ங்கற வார்த்தையை அடிச்சுடுங்க,” என்று சொன்னார் அதிகாரி. “எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க.”

குமாஸ்தா எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். “நீர்நாய். தாயும் இரண்டு குட்டிகளும். இடம், ஐஸ் பாக்டரி மதகு. நேரில் கண்டவர்...” என்று நிறுத்தி, பெரியவளின் பெயரைப் படித்தார்.

முதலாளி முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். பெரியவள் அவரை நேருக்கு நேராகப் பார்த்தாள். பார்வையை எடுக்காமலேயே குமாஸ்தாவிடம் சொன்னாள்:

“சரியாக் கேக்கலைங்க. இன்னொரு தடவை சத்தமாப் படிங்க.”